தானே சமைத்துத் தின்கிற கட்டி

கீழ் டிவிசன், கல்லருவித் தோட்டம்,
பசறை.
12.01.2025

அன்புத் தங்கச்சி நிலக்ஷனாவுக்கு,

அந்த நோர்வேக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாயா? ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதனால் முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை.

இடது மார்பில் கட்டி. கூடையை முதுகில் ஏற்றும்போது ஒருநாள் கையில் தட்டுப்பட்டது. தேயிலைக் கொழுந்து அதிகமாக இருந்த மாதம், பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அது என் மடத்தனம், திட்டுவதென்றால் ஒரு தடவை மட்டும் திட்டு. பதுளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். டொக்டர் நூருல் இனாயா என்று ஒரு பிள்ளை, நல்ல தமிழில் பேசுகிறது. "கட்டி பெருசும்மா. மொதல்ல மருந்து ஏத்திச் சுருக்குவோம், பொறகு வெட்டி எடுப்போம்" என்றது. ஆறு தடவை மருந்து.

போனில் சொல்லியிருக்கலாம். உன் மச்சானுடைய போன் அவரோடு கொழும்பில் மரக்கறி லொறியில் சுற்றுகிறது. பக்கத்துக் காம்பரா ராசம்மாவின் போனில் பேசினால் ஒரே கூரைக்கு அடியில் உள்ள லயம் முழுக்கக் கேட்கும். அதோடு நீ அழுவாய். நீ அழுதால் நான் ஆறுதல் சொல்ல வேண்டும். எனக்கு இப்போது அதற்கு நேரமில்லை.

நான் சாகப்போகிறேன் என்று லயத்தில் பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள். பெரியாயி வந்து என் சட்டி பானையை ஒரு நோட்டம் விட்டுப் போனாள். அவளுக்கு ஒரு கரண்டியும் கிடைக்காது.

நாலு வருசமாக அங்கே கண்ணாடித் தட்டில் இந்தச் சனியனைத்தானே வளர்க்கிறாய். அது என்ன, எதைத் தின்று வளர்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி எழுது. யாரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா,
பவுலினா

⁂

பேர்கன், நோர்வே.
02.02.2025

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூட வாசலில் நின்று வாசித்தேன். நான் நலம். அழவில்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், அதனால் அதை விடுகிறேன். திட்டவும் இல்லை.

கேட்டதற்குப் பதில். நம் உடம்பில் உள்ள கலங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டிலிருந்து வரும் கொழுப்பை எடுத்துப் பிழைக்கின்றன. புற்றுநோய்க் கலத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருக வேண்டும். ஒவ்வொரு புதுக் கலத்துக்கும் சுற்றுச்சுவர் வேண்டும், அந்தச் சுவர் கொழுப்பால் ஆனது. அதனால் அது இரத்தத்தில் உள்ள இனிப்பை எடுத்துத் தானே கொழுப்பு அமிலம் சமைத்துக்கொள்கிறது. அதைச் சமைப்பது ஒரு நொதியம். சாதாரணக் கலத்தில் அந்தச் சமையற்காரன் பெரும்பாலும் தூங்குவான். புற்றுநோய்க் கலத்தில் இரவு பகலாக அடுப்பெரிக்கிறான்.

எங்களிடம் ஒரு மருந்து இருக்கிறது. அது அந்தச் சமையற்காரனைக் கட்டிப்போடும். கொழுப்பு இல்லாவிட்டால் கலம் செத்துப்போகும். இரண்டே நாளில் செத்ததை என் கண்ணால் பார்த்தேன் அக்கா. அதனால் தைரியமாக இருங்கள்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் எழுதுங்கள். மச்சான் இராயப்பனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நிலா

⁂

கல்லருவி.
25.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே காலையில் பனி கொட்டுகிறது. உன் கடிதம் சனிக்கிழமை பெரட்டில் கிடைத்தது. உனக்கு மறந்திருக்கும். இன்னும் அதே வழக்கம்தான், காலையில் வேலைக்குப் பேர் வாசிக்கும்போதே நல்லையா கங்காணி கடிதத்துக்கும் பேர் வாசிப்பார். "பவுலினா, நோர்வே" என்று அவர் கத்தியதில் மலை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கடிதத்தை ராசம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "பவுலி, ஒன் ஒடம்புக்குள்ளயே குந்திக்கிட்டு அடுப்பெரிச்சுத் திங்குதா? கொழுப்பில்லாட்டிச் செத்துப்போகும்னு தங்கச்சி எழுதிருச்சுல்ல, பொறகென்ன" என்றாள். அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் ராசம்மா வைத்ததுதான் சட்டம். அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். கட்டி சுருங்கியதும் டொக்டரே கேட்கட்டும், அப்போது சொல்கிறேன்.

வியாழக்கிழமை முதல் மருந்து. முடி கொட்டுமாம். கொட்டட்டும், மழை நேரத்தில் காய வைக்கிற வேலை மிச்சம். எனக்கு இப்போது பயமில்லை நிலா. எதிராளி யாரென்று தெரியாத வரைக்கும்தான் பயம்.

உன் அக்கா,
பவுலினா

⁂

பேர்கன்.
18.03.2025

அன்பு அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதம் இன்று வந்தது. அடுப்படியில் என்ன சட்டம் என்று புரியாமல் ராசம்மா அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஒன்னும் கவலப்படாதீங்க. நீங்க எழுதுன மாதிரியே பாத்துத்தான் சமைக்கிறேன். தேங்கா இல்ல, எண்ண இல்ல, பாலில்ல" என்றார். அதோடு லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

அக்கா, நான் எந்தச் சாப்பாட்டையும் நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. உடனே தேங்காய் துருவுங்கள். எண்ணெய் ஊற்றுங்கள். முட்டை, பால், கருவாடு, கிடைப்பதையெல்லாம் சாப்பிடுங்கள். நீங்கள் எண்ணெய் சாப்பிடாததால் அந்தக் கலம் பட்டினி கிடக்காது. நீங்கள்தான் கிடப்பீர்கள். உடம்பு இளைத்தால் மருந்தைத் தாங்காது, டொக்டர் மருந்தையே நிறுத்திவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலங்கள் செத்ததைப் பார்த்தேன் என்று எழுதினேனே, அது உண்மை. ஆனால் அது கண்ணாடித் தட்டில். எங்கள் மருந்தை இதுவரை எந்த மனிதருக்கும் கொடுத்ததில்லை. எலிக்குக்கூடக் கொடுத்து முடியவில்லை. உங்களுக்கு அது கிடைக்கப்போவதில்லை. அந்த ஒரு வரியை வேண்டுமென்றே விட்டேன். நீங்கள் சந்தோசப்படட்டும் என்று நினைத்தேன்.

இதை வாசித்த அன்றைக்கே சாப்பிடுங்கள்.

நிலா

⁂

பேர்கன்.
09.04.2025

அக்கா,

நான் நலம். நீங்கள்? பதில் இல்லை. தபால் போய்ச்சேர மூன்று வாரம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது உங்களிடம் சொன்னாராம். "நிலா எழுதுனது ஏங் கையில இருக்கு. எழுதாதத நம்பமாட்டேன். நீங்க கொழப்பாதீங்க" என்று நீங்கள் அவரை விரட்டிவிட்டீர்களாம். மெலிந்திருக்கிறீர்களாம். மருந்து அப்படித்தான் செய்யும் என்றீர்களாம். எனக்குப் பேச அங்கே அவர் போனுக்கு லைன் கிடைக்கவில்லையாம்.

எழுதினால்தானே நம்புவீர்கள். மறுபடி எழுதுகிறேன். சாப்பிடுங்கள். தப்பு என்னுடையது. சாப்பிடுங்கள்.

நிலா

⁂

கல்லருவி.
02.05.2025

தங்கச்சிக்கு,

உன் சுகத்தை இந்தத் தடவை கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் கோபத்தைக் கொட்ட வேண்டும்.

மூன்றாவது மருந்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தராசில் ஏற்றினார்கள். முப்பத்தாறு கிலோ. தொடங்கும்போது நாற்பத்து மூன்று. டொக்டர் இனாயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டது. பெருமையாகச் சொன்னேன். வெறும் ரொட்டி, உப்புப் போட்டு அவித்த பருப்பு, வெறுந்தேத்தண்ணி, இரண்டு மாதமாக ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, அந்தச் சமையற்காரனுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று. உன் கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். பிள்ளை அதை முழுக்க வாசித்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "ஒங்க தங்கச்சி எழுதினது பொய்யில்ல. ஆனா இது சாப்பாட்டுப் பட்டியலும் இல்லம்மா. இந்த ஒடம்புக்கு இன்னைக்கு மருந்து ஏத்தினா மருந்தே ஒங்கள முடிச்சிரும்."

மருந்து ஏற்றாமல் அனுப்பிவிட்டார்கள். பதுளையிலிருந்து பசறை பஸ்ஸில் வரும்போது ஒரே யோசனை. இரண்டு மாதம் தங்கச்சி எழுதாமல் இருக்கமாட்டாளே. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் பெரட்டுக்குப் போயே ஐந்து வாரம். பேர் வாசிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் கடிதம் ஆபீசுக்குத் திரும்பிவிடும். இராயப்பனிடமும் கொடுக்கமாட்டார்கள், பேருக்கு உரியவர்தான் வர வேண்டும்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு ஏறினேன். வழியில் நாலு தடவை உட்கார்ந்தேன். கிளாக்கர் மேசை லாச்சியைத் திறந்து உன் இரண்டு கடிதத்தையும் எடுத்தார். "பெரட்டுக்கு வராதவுங்க கடிதாசிய நாங்க எங்க கொண்டு போய்க் குடுக்கிறது?" என்றார்.

"நான் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கிட்டுக் கெடந்தேங்க. அங்க பெரட்டு வைக்கலீங்க" என்றேன்.

ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து இரண்டையும் வாசித்தேன். எழும்பிப் போகச் சொன்னார். வாசித்து முடித்துத்தான் எழும்பினேன். அந்த லாச்சியில் இன்னும் பதினாறு கடிதம் பார்த்தேன் நிலா. ராசம்மாவின் மகள் துஷாந்தினிக்கு வந்த ஆசிரியர் நேர்முகக் கடிதமும் அதில் கிடந்தது. அவள் போய் வாங்கிப் பிரித்தபோது தேதி போய்ப் பத்து நாள்.

இப்போது உனக்கு. தட்டில்தான் செத்தது என்கிற ஒரு வரியை ஏன் விட்டாய்? என்னைச் சின்னப் பிள்ளையாக நினைத்தாயா? அம்மா போன பிறகு உன் தலையில் பேன் பார்த்தவள் நான். எனக்குச் சந்தோசம் வேண்டாம், உண்மை போதும். நானும்தான் அடுப்படிக் கதையை உன்னிடம் மறைத்தேன். அதனால் சரிக்குச் சரி என்று விடுகிறேன். இன்னொரு தடவை செய்தால் விடமாட்டேன்.

ராசம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அவள் போன் பீலித் தண்ணீரில் விழுந்ததாம். இப்போது தேங்காய்ச் சம்பலை மலையாகக் குவிக்கிறாள்.

நீ சுகமா?

பவுலினா

⁂

பேர்கன்.
24.05.2025

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் திட்டி எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்குப் பசித்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. மனம் இல்லை.

இனி உண்மையே எழுதுகிறேன். எங்கள் மருந்து தோற்றுக்கொண்டிருக்கிறது. பதினொரு தட்டில் நாலில் கலங்கள் சாகவில்லை. கலங்களை வளர்க்கும் நீரில் மாட்டு இரத்தத்தின் கொழுப்பு கொஞ்சம் இருக்கும். உள்ளே சமையற்காரனைக் கட்டிப்போட்டால் அவை சுவரில் வேறொரு கதவைத் திறந்து வெளியிலுள்ள கொழுப்பை இழுத்துக்கொள்கின்றன. மற்ற ஆய்வுகூடங்களிலும் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் அப்படி நடக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதை வாசித்துவிட்டு மறுபடி எண்ணெயை நிறுத்தாதீர்கள். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உங்கள் சதையைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு ஓடும். பட்டினி முதலில் உங்களைத்தான் கொல்லும். ராசம்மா அக்காவுக்கும் இந்த இடத்தை வாசித்துக் காட்டுங்கள்.

நான் ஒரு கடிதம் எழுதி என் அக்காவை ஏழு கிலோ குறைத்தவள். இதற்கா நாலு வருசம் படித்தேன்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன். உங்களுக்குச் சமைத்துப் போடவாவது உதவுவேன். பேராசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்ததும் சொல்வேன்.

நிலா

⁂

கல்லருவி.
17.06.2025

தங்கச்சி நிலாவுக்கு,

நான் நாற்பத்தொரு கிலோ. மூன்றாவது, நாலாவது மருந்து ஏற்றியாகிவிட்டது. கட்டி எலுமிச்சங்காய் அளவில் இருந்தது, இப்போது நெல்லிக்காய். வாயெல்லாம் புண். அதோடுதான் சாப்பிடுகிறேன், அழுதுகொண்டே சாப்பிடுகிறேன். உன் கடிதத்தை வாசித்ததும் ராசம்மா தேங்காயை ஒளிக்கப் பார்த்தாள். அடுத்த பந்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டி மீட்டேன்.

நீ வரக்கூடாது. வந்தால் காம்பராவுக்குள் விடமாட்டேன், ராசம்மா வீட்டில் படுத்துக்கொள்.

சமைத்துப்போட இங்கே ஆள் இருக்கிறது. அந்தத் தட்டைப் பார்க்க இங்கே யாரும் இல்லை. டிவிசனில் அரிசி மா விற்ற கோப்பறட்டிக் கடையை மூடிய வருசம் நாம் பட்டினி கிடந்தோமா? பசறைக்கு நடந்தோம். அந்தச் சனியனும் அதைத்தான் செய்கிறது. அப்படியானால் பசறைப் பாதையையும் அடை. அதற்கு ஏன் உட்கார்ந்து அழுகிறாய்? தோற்றது மருந்துதானே, நீ இல்லையே. என் மருந்தையும்தான் ஒரு தடவை நிறுத்தினார்கள். நான் மறுபடி போய் அதே கட்டிலில் படுக்கவில்லையா?

இங்கே நடந்ததையும் கேள். போன திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு இல்லை, மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சும்மா போய் நின்றேன். என் பக்கத்தில் துஷாந்தினி நின்றாள், ராசம்மா நின்றாள், பிறகு பார்த்தால் இருபத்தாறு பொம்பிளைகள். நல்லையா கங்காணி பேர் வாசித்தார். ஒருத்தியும் கூடை தூக்கவில்லை.

"என்னம்மா இது?" என்றார்.

"லாச்சியில கெடக்கிற கடிதாசியெல்லாம் வரட்டும், பொறகு கூடையத் தூக்குறோம்" என்றேன். "இனிமே கடிதாசி எங்களத் தேடி வீட்டுக்கு வரணும். நாங்க கடிதாசியத் தேடி வரமாட்டோம்."

பெரிய கிளாக்கர் வந்தார், தொரைக்குப் போன் போட்டார்கள். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சீக்காளி ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். சீக்காளி என்பதால்தான் இந்த வம்பு என்றேன். பத்து மணிக்கு லாச்சி காலியானது. கதவுக்குக் கதவு நம்பர் போட்டால் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றார்கள், அதுவும் நம்மால் முடியாது என்கிற நினைப்பில். அன்று பின்னேரமே பெயின்ட் வாங்கி நாங்களே எழுதிவிட்டோம். என் கதவு ஏழு. பெரியாயியின் கதவில் ஒன்பதைத் தலைகீழாக எழுதியதில் அவள் இரண்டு நாள் ஆறாக இருந்தாள்.

ஓகஸ்ட்டில் ஒப்பரேசன். எனக்கும் இரவில் பயம் வருகிறது, வராது என்று எழுதமாட்டேன். ஆனால் நீ அங்கே தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் தூங்கிவிடுகிறேன். அதைக் கெடுக்காதே.

உன் அக்கா,
பவுலினா

⁂

பேர்கன்.
21.07.2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். வரவில்லை. பேராசிரியரிடம் வேறொன்றைக் கேட்டேன், சமையற்காரனையும் அந்த வெளிக்கதவையும் ஒன்றாக அடைத்துப் பார்க்க. செய் என்றார். பிடிவாதமாக நின்ற அந்த நாலு தட்டிலும் கலங்கள் குறையத் தொடங்கியிருக்கின்றன. பத்து நாள்தான் ஆகிறது. தட்டில் மட்டும்தான். மனிதருக்கு வர எத்தனை வருசமோ, வராமலே போகலாம். இந்தத் தடவை அதை மறைக்கவில்லை, பார்த்தீர்களா.

இந்தக் கடிதத்தின் உறையில் முதல் தடவையாக ஏழு என்று எழுதுகிறேன். ஒப்பரேசனுக்குப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். டொக்டர் நிறுத்தச் சொல்லும் நேரம் வரைக்கும் மட்டும்.

நிலா

⁂

இல. 7, கீழ் லயம்,
கல்லருவித் தோட்டம், பசறை.
28.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இடது கையால் கடதாசியைப் பிடிக்க முடியவில்லை, அதனால் எழுத்து கோணும். மற்றபடி நான் உயிரோடு, நாற்பத்து நாலு கிலோவோடு, கோபத்தோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் சம்மதக் கடதாசி கொண்டுவந்தார்கள். எனக்கு முன்னால் மூன்று தோட்டத்துப் பொம்பிளைகள் கைநாட்டு வைத்திருந்தார்கள். வந்தவர் என்னைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், கேட்காமலே மைப்பெட்டியைத் திறந்து என் கட்டைவிரலைப் பிடித்தார். கையை இழுத்துக்கொண்டேன். மைப்பெட்டியை நானே மூடினேன். "பேனா குடுங்க. வாசிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்" என்றேன். இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று. டொக்டர் இனாயாவைக் கூப்பிட்டேன். "இத வச்சு என்ன பாப்பீங்க? அது உள்ள சமைக்கிறதையும் பாப்பீங்களா?" என்றேன். பிள்ளை சிரித்துவிட்டது. அந்த நொதியம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்களாம். "அப்ப எடுங்க" என்றேன். "ஆனா என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கு எழுத்துல வரணும்." அப்படி வழக்கமில்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றது. என் கையெழுத்துக்குக் கீழே விலாசத்தை முழுக்க எழுதினேன்.

ஓரங்கள் சுத்தமாம். கக்கத்தில் இரண்டு முடிச்சில் இருந்ததாம், அதையும் எடுத்துவிட்டார்கள். இனி அந்த இடத்துக்குக் கதிர்வீச்சுப் பிடிக்க வேண்டும். திரும்ப வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்று பிள்ளை உள்ளதைச் சொன்னது. வந்தால் வரட்டும். என்னைப் பட்டினி போட அதற்கு இனி முடியாது, ஏமாற்ற உனக்கும் முடியாது.

ஒரு வருசம் அது எனக்குள் உட்கார்ந்து தின்றது. இப்போது போத்தலுக்குள் இருக்கிறது. இனிக் கேள்வி கேட்பது நாங்கள்.

உன் தட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எழுது. கடிதத்துக்காக நான் பெரட்டுக்குப் போகத் தேவையில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
பவுலினா